சங்கு ஊதினால் குறட்டை குறையுமா?

ராஜஸ்தானின் தலைநகரான ஜெய்ப்பூரில் கடல் இல்லை. பக்கத்துக் கடலைப் பார்ப்பதென்றாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளிடம் சங்கைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள் மருத்துவர்கள். பூசைக்காக இல்லை, தூக்கத்துக்காக. அந்த ஆராய்ச்சியின் முடிவு 2025 ஆகஸ்டில் ஐரோப்பாவின் சுவாச மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியானது.

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சங்கைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் கரையிலிருந்து வடக்கே விரியும் மன்னார் வளைகுடா, முத்துக்கும் சங்குக்கும் பேர்போன கடல். மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்குகள் இந்தப் பக்கத்துக் கடல்களிலிருந்து நூற்றாண்டுக் கணக்காக வங்காளம் வரை போயிருக்கின்றன, அங்கே வளையல் அறுப்பதற்கு. சங்கை எடுப்பதற்கு மூச்சை அடக்க வேண்டும், ஊதுவதற்கு மூச்சை விட வேண்டும். சரி, அதற்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஜெய்ப்பூரில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். மொத்தம் 30 பேர். எல்லாருக்கும் ஒரே வியாதி: தூங்கும்போது மூச்சு அடிக்கடி தடைப்படும். 16 பேர் சங்கு ஊதினார்கள். மீதி 14 பேர் சங்கில்லாமல் ஆழமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 15 நிமிடம், வாரத்தில் 5 நாள், இப்படி 6 மாதம். கடைசியில் கணக்கெடுத்தபோது, சங்கு ஊதியவர்களுக்குப் பகலில் வரும் தூக்கக் கலக்கம் 34 சதவீதம் குறைந்திருந்தது. இரவில் மூச்சுத் தடைப்படுவதும் மற்றக் கூட்டத்தாரைவிட மணிக்கு நான்கைந்து தடவை குறைவாக இருந்தது. 30 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். அதை வைத்து உலகத்துக்கே மருந்து கண்டுபிடித்துவிட்டதாக யாரும் குதிக்க முடியாது. ஆனால் ஏன் குறைந்தது என்ற கேள்வி, குறைந்த எண்ணிக்கையைவிடச் சுவையானது.

மூக்கில் நுழைந்த காற்று நுரையீரலுக்குப் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். மூக்குக்குள்ளே எலும்பும் குருத்தெலும்பும் சுவராக நிற்கின்றன. கழுத்தில் மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் திறந்தபடி வைத்திருக்கின்றன; தொண்டையின் முன்பக்கத்தை மெல்லத் தடவினால் அவை கைக்குத் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில், நாக்குக்குப் பின்னால், ஒரு துண்டுப் பாதை இருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் அப்படியொரு காவல் இல்லை. அங்கே பாதையைத் திறந்து வைத்திருப்பது தசைகள் மட்டுமே. விழித்திருக்கும்போது அவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். தூங்கினால் தளரும். சர்பத் குடிக்கும் காகிதக் குழல் நனைந்த பிறகு வேகமாக உறிஞ்சினால் சப்பளிந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதே கதைதான். பாதி ஒட்டினால் சுவர் அதிரும், அதுதான் குறட்டை. முழுதும் ஒட்டினால் சத்தமே நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா, நிறுத்திவிட்டார்" என்று நினைப்பார். உண்மையில் அப்போதுதான் மூச்சு நின்றிருக்கிறது. சில விநாடிகளில் இரத்தத்தில் ஒட்சிசன் குறையும், மூளை பாதி விழித்துத் தசைகளை உசுப்பும், திடுக்கென்று ஒரு பெருமூச்சு, மறுபடியும் குறட்டை. பெரியவர்களுக்கு இப்படி மணிக்கு 5 தடவைக்கு மேல் நடந்தால் கவனிக்க வேண்டும். சிறுவர்களுக்கு மணிக்கு ஒரு தடவை நடந்தாலே கவனிக்க வேண்டும்.

சங்கு ஊதுகிறவர் உதட்டை இறுக்கி, கன்னத்தைப் பிடித்து, உள்நாக்கையும் அண்ணத்தையும் தூக்கி, தொண்டையை விரித்துக் காற்றைத் தள்ளுகிறார். அந்தக் காவலில்லாத துண்டைச் சுற்றியிருக்கும் தசைகள் அத்தனையும் வேலை செய்கின்றன. தினமும் தேங்காய் பறித்தால் தோள் உரமாவதுபோல தொண்டையும் உரமாகிறது என்பதுதான் மருத்துவர்களின் ஊகம்.

இது முதல் தடவையும் இல்லை. சுவிட்சர்லாந்தில் டிஜெரிடூ கற்பிக்கும் ஒருவர், அந்த வாத்தியத்தை ஊதத் தொடங்கிய பிறகு தன் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்துவிட்டதைக் கவனித்தார். டிஜெரிடூ என்பது அவுஸ்திரேலியப் பழங்குடி மக்கள் ஊதும் நீண்ட மரக்குழல். அதை ஊதும்போது மூச்சை இடையில் நிறுத்தக் கூடாது. கன்னத்தில் சேர்த்துவைத்த காற்றை வெளியே விட்டுக்கொண்டே மூக்கால் புதுக் காற்றை இழுக்க வேண்டும். நம் ஊர்களில் மகுடி ஊதுகிறவரும் இதே வித்தையைத்தான் செய்கிறார். அந்த ஆசிரியரின் பேச்சைக் கேட்ட மருத்துவர்கள் 25 நோயாளிகளை எடுத்து, 14 பேருக்கு 4 மாதம் டிஜெரிடூ பழக்கி, 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் முடிவை வெளியிட்டார்கள். பகல் தூக்கம் குறைந்தது. கூடப் படுப்பவர்களுக்கும் நிம்மதி. 2017இல் இந்த ஆராய்ச்சிக்கு 'இக் நோபல்' சமாதானப் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது. குறட்டையை நிறுத்தியவருக்குச் சமாதானப் பரிசு கொடுத்தது மிகவும் பொருத்தம் என்பது என் கட்சி.

வாத்தியமே வேண்டாம் என்று காட்டியவர்கள் பிரேசில்காரர்கள். சாவ் பாலோ நகரில் 31 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு நாக்குக்கும் அண்ணத்துக்கும் கன்னத்துக்கும் மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் ஒட்டி உறிஞ்சுவது, நாக்கு நுனியை அண்ணத்தில் வைத்துப் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போவது, உயிரெழுத்து ஒன்றை விட்டுவிட்டுச் சொல்வது, பலூன் ஊதுவது, இப்படி. 3 மாதத்தில் அவர்களுக்கு மூச்சுத் தடை மணிக்குச் சுமார் 22 தடவையிலிருந்து 14க்கு இறங்கியது. 2009இல் வெளியான ஆராய்ச்சி இது. நோய் முற்றிலும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். கடுமையாக இருப்பவர்கள் இரவில் காற்றடிக்கும் கருவியை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். பயிற்சி அதற்குத் துணை.

இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குத்தான் வாய்-முகத் தசைப் பயிற்சி என்று பெயர். இதில் கதாநாயகன் நாக்கு.

மீன் வந்து இறங்கும் நேரம் கரைக்குப் போனால் கணவாயின் கைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தக் கைக்குள்ளே ஓர் எலும்பும் இல்லை. ஆனாலும் நீளும், சுருங்கும், வளையும், முறுகும், இரையை இறுக்கும். எலும்பு இல்லாமல் எப்படி? தசை நார்கள் நீளவாக்கில், குறுக்குவாக்கில், சுற்றிவளைத்து என்று பல திசைகளில் ஓடுகின்றன. தசைக்குள்ளே பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆகையால் குறுக்கே இறுக்கினால் கை நீள்கிறது, நீளத்தில் இறுக்கினால் தடிக்கிறது. 1985இல் வில்லியம் கியர், கேத்லீன் ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் கணவாயின் கை, யானையின் தும்பிக்கை, பாலூட்டிகளின் நாக்கு மூன்றும் ஒரே பொறிமுறையில் வேலை செய்கின்றன என்று எழுதினார்கள். உங்கள் நாக்கில் ஒவ்வொரு பக்கத்திலும் 8 தசைகள். 4 தசைகள் வெளியே தாடை போன்ற இடங்களிலிருந்து வந்து நாக்கை இழுக்கின்றன. மற்ற 4 தசைகள் நாக்குக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிந்து அதன் வடிவத்தை மாற்றுகின்றன. நாக்கின் வேர் பற்றியிருப்பது தொண்டையில் உள்ள நாவடி எலும்பை. உடம்பிலுள்ள வேறு எந்த எலும்போடும் மூட்டுப் போடாமல் தனியாக மிதக்கும் எலும்பு அது.

இப்போது ஒரு சோதனை. வாயை மூடிக்கொண்டு உமிழ்நீரை விழுங்குங்கள். விழுங்கி முடிந்ததும் அசையாமல் இருங்கள். நாக்கு நுனி எங்கே நிற்கிறது? முன் மேல்பற்களுக்குப் பின்னால், பல்லைத் தொடாமல், மேடும் பள்ளமுமாக வரி வரியாக ஓரிடம் இருக்கும். நுனியால் தடவினால் சொரசொரப்பு தெரியும். நாக்கு ஓய்ந்திருக்க வேண்டிய இடம் அதுதான். சிலருக்கு நாக்கு கீழே தாழ்ந்து கிடக்கும். சிலருக்கு இரு வரிசைப் பற்களுக்கும் நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வாயும் பாதி திறந்தபடி இருக்கும். 'சும்மா இருக்கிற நாக்கு எங்கே இருந்தால் என்ன?' என்று கேட்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுமார் 600 தடவை விழுங்குகிறார். ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒரு விநாடி அழுத்துகிறது என்றால் மொத்தம் 600 விநாடி, அதாவது 10 நிமிடம். மீதி 23 மணித்தியாலம் 50 நிமிடம்? அதில் சாப்பாடும் பேச்சும் போக மீதி நேரமெல்லாம் நாக்கு எங்கேயாவது ஓய்ந்திருக்கிறது. பல் ஒரு பக்கம் நாக்குக்கும் மறுபக்கம் உதடு, கன்னம் ஆகியவற்றுக்கும் நடுவில் நிற்கிறது. மெல்லிய அழுத்தம், ஆனால் ஓயாத அழுத்தம் பல்லை நகர்த்தும். பல்லுக்குக் கம்பி போடும் மருத்துவர் நம்புவதும் இதைத்தான். அமெரிக்கப் பல்சீரமைப்பு அறிஞர் வில்லியம் புரோஃபிட் 1978இல் இதை எடுத்துச் சொன்னார். அதற்கு முன்பு பலர் 'நாக்கால் பல்லைத் தள்ளி விழுங்குகிறான், அதனால்தான் பல் முன்னுக்கு வந்தது' என்று விழுங்குவதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். குற்றவாளி விழுங்கும் 10 நிமிடம் அல்ல, சும்மா இருக்கும் மணித்தியாலங்கள்.

அமெரிக்காவில் எகில் ஹார்வோல்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1970களில் இளம் குரங்குகளின் மூக்கைச் சிலிக்கோன் அடைப்பான்களால் அடைத்து, வாயால் மூச்சுவிட வைத்துப் பார்த்தார். குரங்குகள் நாக்கையும் தாடையையும் வேறு விதமாக வைத்துக்கொள்ளப் பழகின. காலப்போக்கில் தாடையின் வடிவமும் பல்வரிசையும் மாறின. பாவம் அந்தக் குரங்குகள். இன்றைக்கு அப்படியொரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். ஆனாலும் தசையின் பழக்கம் வளரும் எலும்பின் வடிவத்தையே மாற்றும் என்பதை அவை காட்டிவிட்டுப் போயின.

எனவே எப்போதும் வாயைத் திறந்தபடி இருக்கும் பிள்ளையிடம் "வாயை மூடு" என்று அதட்டுவதில் பயனில்லை. மூக்கு அடைத்திருந்தால் அந்தப் பிள்ளை வேறு எதனால் மூச்சுவிடும்? மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை இருக்கிறது. 3 வயது முதல் 6, 7 வயது வரை அது பெரிதாக இருந்து, பிறகு தானாகச் சுருங்கும். அது வழியை அடைத்திருக்கலாம், அல்லது ஒவ்வாமையால் மூக்கு வீங்கியிருக்கலாம். முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். வழி திறந்த பிறகும் பழக்கத்தால் வாய் திறந்தே இருந்தால், அப்போதுதான் பயிற்சி. இரவில் குறட்டை விடும் பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரியவர்கள் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் துறுதுறுவென்று அலைவார்கள், கவனம் நிற்காது. குழப்படிக்காரன் என்று பெயர் வாங்கிய எத்தனை பேருக்கு உண்மையில் தூக்கம் போதவில்லையோ!

பயிற்சி எப்படி இருக்கும்? ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெரிய சட்டைப் பொத்தான் ஒன்றில் உறுதியான நூலைக் கோத்து, உதட்டுக்கும் முன்பல்லுக்கும் நடுவில் பொத்தானை வைப்பார்கள். பல்லால் கடிக்கக் கூடாது. பயிற்றுநர் நூலை மெல்ல வெளியே இழுப்பார். பிள்ளை உதட்டை மட்டும் இறுக்கிப் பொத்தானைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில விநாடிகளிலேயே உதட்டைச் சுற்றிச் சுருக்கென்று ஒரு களைப்புத் தெரியும். இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். நூல் அறுந்தால் பொத்தான் தொண்டைக்குள் போகும்.

இந்த யோசனை பழையது. அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பிரட் ரோஜர்ஸ் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் 1918இலேயே, பல்லை நேராக்கக் கம்பி மட்டும் போதாது, தசைகளையும் பழக்க வேண்டும் என்று எழுதினார். இப்போது யூடியூபில் இதன் இன்னொரு வடிவம் ஓடுகிறது. நாக்கை அண்ணத்தில் அழுத்தியபடி இருந்தால் தாடை கூர்மையாகி நடிகர்போல முகம் வந்துவிடும் என்கிறார்கள். வளர்ந்தவரின் முக எலும்பு அப்படி மாறும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. இரவில் வாயில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தூங்குவது அதைவிட மோசம். மூக்கடைப்பு உள்ளவருக்கு அது ஆபத்து.

ஊதுவதால் குறட்டை குறைகிறது, நாக்கை ஒழுங்காக வைத்தால் பல் ஒழுங்காகிறது என்றால், பேச்சுத் தடுமாறும் பிள்ளைக்கும் பலூன் ஊதக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அது பலிக்காது.

பேச்சு எவ்வளவு நுட்பமான வேலை என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருக்கிறது. எந்த எழுத்துக்கு நாக்கின் எந்தப் பகுதி எங்கே தொடுகிறது, எதற்கு உதடு சேர்கிறது, எதற்கு நுனி மேலெழுந்து அண்ணத்தை வருடுகிறது என்று அந்த இயல் விளக்குகிறது. எக்ஸ்ரே இல்லை, கமரா இல்லை. தன் வாயையே ஆய்வுகூடமாக வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியிருக்கிறார். நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு "வாப்பா" என்று சொல்லுங்கள். எந்த மாற்றமும் இல்லை. இப்போது அதே மாதிரி "நானா" என்று சொல்லுங்கள், அல்லது "அம்மா". சத்தம் அடைத்துக்கொள்கிறது! 'ப' சொல்லும்போது அண்ணத்தின் மென்மையான பின்பகுதி மேலே எழுந்து மூக்குக்குப் போகும் வாசலை மூடிவிடுகிறது. 'ம', 'ந', 'ன' சொல்லும்போது அந்த வாசல் திறக்கிறது. பேசப் பேச, கண்மூடித் திறப்பதற்குள் அது மூடித் திறந்துகொண்டே இருக்கிறது.

அண்ணம் பிளந்து பிறக்கும் பிள்ளைக்கு அந்த வாசலை மூட முடியாது. 'ப' சொல்ல முயன்றால் காற்று மூக்கால் ஓடிவிடும். 1980களின் நடுவில் லண்டனிலிருந்து மைக்கேல் மார்ஸ் என்ற பல்சீரமைப்பு மருத்துவரோடு ஒரு குழு காலி நகருக்கு வந்தது. சிறுவயதில் சத்திரசிகிச்சை கிடைக்காமலே இளைஞர்களாகவும் பெரியவர்களாகவும் வளர்ந்துவிட்ட பலரை அங்கே சந்தித்தார்கள். ஐரோப்பாவில் இப்படிப்பட்டவர்களைக் காண்பதே அரிது. அங்கே குழந்தையிலேயே தைத்துவிடுவார்கள். இலங்கையின் இந்த மனிதர்களால்தான் உலகம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகக் கற்றது. ஒன்று, அறுவையே செய்யாதவர்களின் மேல்தாடை நன்றாக வளர்ந்திருந்தது. அப்படியானால் தாடை வளர்ச்சி குன்றுவதற்குப் பிளவைவிட அறுவையின் தழும்புக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்றுதான் நம் கதைக்கு முக்கியம். பேச்சுச் சிகிச்சையாளர்களான டெபி செல்லும் பமேலா கிரன்வெல்லும் 1990இல் அதை எழுதினார்கள். பதின்ம வயதில் அண்ணத்தைத் தைத்த பிறகும் பலருக்குப் பேச்சுத் திருந்தவில்லை. ஓட்டை அடைபட்டுவிட்டது, பழக்கம் போகவில்லை. காற்று மூக்கால் ஓடிய காலத்தில் அந்தப் பிள்ளைகள் தொண்டைக்குள்ளேயே ஒலிகளை உருவாக்கப் பழகியிருந்தார்கள். நாக்கும் தொண்டையும் அந்தப் பழைய பாடத்தையே ஒப்புவித்தன.

இதற்குப் பலூனோ சங்கோ ஊதி ஆகப்போவது என்ன? ஊதுவதற்குப் பழகிய தசை ஊதும். 'ப' சொல்ல வேண்டுமென்றால் 'ப' சொல்லித்தான் பழக வேண்டும்: தனியாக, பிறகு 'பா', 'பூ' என்று, பிறகு சொல்லில், பிறகு வாக்கியத்தில், பிறகு விளையாட்டுத் திடலில் கத்தும்போதும். பேச்சு மொழிச் சிகிச்சையாளர் செய்வது இந்தப் பொறுமையான வேலை. கொழும்புக்கு வடக்கே ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், இதற்கான பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழில் பயிற்சி கொடுக்கத் தமிழ் பேசும் சிகிச்சையாளர் வேண்டும்; ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த காது வேண்டும். இந்தப் பத்திரிகையை வாசிக்கும் உங்களில் ஒருவர் அந்தப் படிப்புக்குப் போனால் புத்தளத்துக்கே உபகாரம்.

பெரியவர்கள் பக்கம் வருவோம். உங்கள் வலது கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். போகும். ஆனால் பல வருடம் பாக்கு மென்ற சிலருக்கு ஒரு விரல்கூடப் போகாது. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, விறைத்து, வார் வாராகத் தட்டுப்படும். காரம் பட்டால் எரியும். 1952இல் கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் சிலரிடம் இந்த நோயைக் கண்டு முதன்முதலில் எழுதினார்கள். பாக்கிலுள்ள பொருட்கள் வாயின் உட்தோலுக்கடியில் நார்த்தன்மையை அளவுக்கு மீறி வளர்க்கின்றன. வெற்றிலையில் புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. பாக்கு தனியாகவே புற்றுநோயைக் கொடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. கடைகளில் பளபளக்கும் பைக்கற்றில் தொங்கும் இனிப்புப் பாக்குக்கும் அந்தத் தீர்ப்புப் பொருந்தும்.

இவர்களுக்கும் பயிற்சி உண்டு. ஐஸ்பழக் குச்சி மாதிரியான தட்டையான மரக்குச்சிகளை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் அடுக்குவார்கள். சுகமாகத் திறக்கும் அளவுக்கு எத்தனை குச்சி போகிறதோ அத்தனை. சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு நடுவில் இன்னொரு குச்சியைச் செருகுவார்கள். ஒரு குச்சியின் தடிப்பு 2 மில்லிமீட்டர் அளவுதான். அந்த 2 மில்லிமீட்டரைச் சம்பாதிக்கச் சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். பாக்கை விடாமல் குச்சி மட்டும் வைத்தால் அதுவும் வீண். சோற்றை உருட்டி வாயில் வைக்க முடியாத ஒருவருக்கு அந்த 2 மில்லிமீட்டரின் பெறுமதி தெரியும்.

கடைசியாக முகம். கண்ணாடி முன்னால் நின்று பொய்யாகச் சிரியுங்கள். பிறகு கூட்டாளி யாராவது சொன்ன நல்ல பகிடியை நினைத்து மெய்யாகச் சிரியுங்கள். மெய்ச் சிரிப்பில் கண்ணின் ஓரமும் சுருங்கும். பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இல் ஒரு முதியவரின் முகத்தில் மின்சாரம் பாய்ச்சித் தசை தசையாகத் தூண்டிப் படம் பிடித்து இதைக் காட்டினார். கண்ணைச் சுற்றியுள்ள தசையின் அந்தச் சுருக்கம் நம் விருப்பத்துக்குக் கீழ்ப்படியாது, மெய்யான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்றார். இத்தனை தசைகளையும் முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆட்டுவிப்பது ஒரே ஒரு நரம்பு. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஓடும் ஒடுங்கிய வழியாக அது வெளியே வருகிறது. அந்த வழிக்குள் நரம்பு வீங்கினால் நசுங்கிப்போகும். ஒரு காலை எழும்பிப் பார்த்தால் முகத்தின் ஒரு பாதி தொங்கியிருக்கும்; கண் மூடாது, வாய் கோணும், கொப்பளித்த தண்ணீர் ஓரத்தால் வழியும். 1821இல் முக நரம்பைப் பற்றி விரிவாக எழுதிய ஸ்கொட்லாந்துக்காரர் சார்ல்ஸ் பெல்லின் பெயரால் இதைப் பெல் வாதம் என்கிறார்கள். பெரும்பாலானோர் சில வாரங்களிலும் மாதங்களிலும் தேறிவிடுவார்கள். இங்கே பயிற்சியின் விதி தலைகீழ். திரும்பி வளரும் நரம்பிழைகள் இடம் மாறிப் போனால், சிரிக்கும்போது கண் மூடும் நிலை வரலாம்; முகத்தை வலிந்து கோணிக் கோணி இழுத்தால் அது மோசமாகலாம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, இரு பக்கமும் ஒத்து அசையும் அளவுக்கு மட்டும், மெதுவாகச் செய்ய வேண்டும். மூடாத கண்ணுக்கு மருந்திட்டு, இரவில் மூடிக் கட்ட வேண்டும்.

பக்கத்தில் யாருக்காவது திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினால் எண்ணெய் தேய்ப்பதும் மந்திரிப்பதும் பிறகு இருக்கட்டும். அது பெல் வாதமா, மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட பக்கவாதமா என்று வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது. பெல் வாதம் என்றால் மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். பக்கவாதம் என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அம்மாவோ உம்மாவோ பதறிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியை எடுப்பது உங்கள் வேலை. சுவசெரிய அம்புலன்சின் இலக்கம் 1990. காசு கேட்கமாட்டார்கள்.